இலவசமாகக் கொடுத்த நிரலுக்கும் உரிமையாளர் உண்டு

காலாப்பட்டிலும் பக்கத்துப் பிள்ளைச்சாவடியிலும் பொறியியலும் கணினியும் படிப்பவர்கள் தங்கள் புராஜெக்ட்டை ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தோடு கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், அது பொதுச்சொத்தாகிவிடுவதில்லை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் விற்பவர் தன் திருத்தங்களோடு மூலநிரலையும் அதே உரிமத்தில் வாங்குபவருக்குத் தர வேண்டும். மூடி வைத்து விற்றால் அனுமதி ரத்தாகிறது. மிஞ்சுவது பதிப்புரிமை மீறல்தான்.

பெரிய கம்பெனியோடு மோத முடியுமா என்று தயங்குகிறவர்கள் பிரான்ஸைப் பார்க்கலாம். ஆன்த்ரூவேர் என்ற சிறிய கூட்டுறவு நிறுவனம் எழுதிய ‘லாஸோ’ என்னும் ஜிபிஎல் மென்பொருளை, அரசு ஒப்பந்த வேலைக்காக ஆரஞ்ச் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் உரிம நிபந்தனைகளை மீறித் தன் தளத்துக்குள் சேர்த்துக்கொண்டது. வழக்கு பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பதிப்புரிமை மீறலே என்று சொல்லி, 8 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிவு 55-இன்படி தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். தெரிந்தே மீறினால் பிரிவு 63-இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. பிரிவு 62 நமக்குப் பெரிய துணை: மீறிய கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வழக்குத் தொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

ஆனால் எம்ஐடி உரிமத்தில் கொடுத்திருந்தால், பதிப்புரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டு மூடி விற்பதில் தவறில்லை. ஜிபிஎல் நிரலைத் தன் சர்வரில் மட்டும் ஓட்டும் கம்பெனியிடமும் மூலநிரல் கேட்க முடியாது. அதற்கு ஏஜிபிஎல் உரிமம் வேண்டும். சம்பள வேலையில் எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கே. உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. அவசரப்படாதீர்கள்.

உங்கள் நிரலை ஒரு கம்பெனி மூடி விற்கிறது என்று சந்தேகம் வந்தால், ஆதாரத்தை முதலில் திரட்டுங்கள். கம்பெனியின் ஃபர்ம்வேரைப் பிரித்து, லினக்ஸ் டெர்மினலில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுத்துப்பிழையோடு எழுதிய எர்ரர் மெசேஜ் அப்படியே வந்து நின்றால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கோப்பை, தேதியை, வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல்முறை தவறியவர் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் மீண்டுவிடும். பல தகராறுகள் அங்கேயே முடியும். பணத்தை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். 2007-இல் அமெரிக்காவில் ‘பிஸிபாக்ஸ்’ என்னும் ஜிபிஎல் மென்பொருளை எழுதியவர்கள் வழக்குப் போட்டதும், மூலநிரல் தராமல் அதைப் பயன்படுத்திய மான்சூன் மல்டிமீடியா நிறுவனம் சில வாரங்களில் சமரசத்துக்கு வந்தது. ஒரு தொகை கொடுத்ததோடு, மூலநிரலை வெளியிடவும், உரிம நிபந்தனைகளைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமிக்கவும் ஒப்புக்கொண்டது.