100 வரி முக்கோணமும் 4,950 கூட்டல்களும்

எண்களை முக்கோணமாக அடுக்கிக்கொள்வோம். முதல் வரியில் 3. இரண்டாம் வரியில் 8, 5. மூன்றாவதில் 2, 1, 9. நான்காவதில் 4, 6, 1, 7. உச்சியில் தொடங்கி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அடுத்த வரியில் அதை ஒட்டி இடப்பக்கம் உள்ள எண்ணுக்கோ வலப்பக்கம் உள்ள எண்ணுக்கோ இறங்கலாம். கடந்துவந்த எண்களைக் கூட்டினால் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்?

இந்தக் கணக்கின் ஒரு வடிவம் 1994இல் சுவீடனில் நடந்த சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்டது. கோலின் ஹியூஸ் 2001இல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஆய்லர்’ இணையதளத்தில் இது இரண்டு முறை வருகிறது. 18ஆம் கணக்கில் 15 வரி முக்கோணம். 67ஆம் கணக்கில் 100 வரி முக்கோணம். விதி ஒன்றுதான், அளவு மட்டுமே வேறு. இணையத்தில் கோடிங் கணக்குகளைப் போட்டுப் பழகுவதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு, இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் பதிலாகக் காட்டுவேன்.

ஆசை வழியும் முரட்டு வழியும்

யாருக்கும் முதலில் தோன்றுவது, ஒவ்வொரு வரியிலும் பெரிய எண்ணாகப் பார்த்து இறங்குவது. நம் முக்கோணத்தில் 3, 8, 2, 6 என்று போய் 19இல் முடியும். ஆனால் 3, 5, 9, 7 என்று இறங்கினால் 24 கிடைக்கிறது. இரண்டாம் வரியில் 8க்கு ஆசைப்பட்டதால், 5க்குக் கீழே இருந்த 9 கைநழுவிவிட்டது. கணினி அறிவியலில் இதற்குக் ‘கிரீடி’ முறை என்று பெயர். சில கணக்குகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே காலை வாரும் என்று பிரித்தறிவது நிரலருக்கு வேண்டிய முதல் தேர்ச்சிகளில் ஒன்று.

அடுத்துத் தோன்றுவது, எல்லா வழிகளையும் சோதித்துப் பார்ப்பது. 15 வரி முக்கோணத்தில் 14 முறை பாதை இரண்டாகப் பிரிகிறது. மொத்தம் 16,384 வழிகள். கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை. 18ஆம் கணக்கு முடிந்தது.

அதே நிரலை 100 வரி முக்கோணத்தின் மீது ஓட்டினால் விடை வரவே வராது. பாதை 99 முறை இரட்டிப்பாகி, வழிகளின் எண்ணிக்கை 30 இலக்கத்துக்குப் போய்விடுகிறது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி வழிகளைச் சோதிக்கும் கணினி கிடைத்தாலும் சுமார் 2,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். இங்கே கணினியை மாற்றிப் பயனில்லை. யோசனையை மாற்றியாக வேண்டும்.

கீழிருந்து மேலே

உச்சியை விட்டுவிட்டு அடிவரியிலிருந்து பார்ப்போம். மூன்றாம் வரியின் 2க்கு வந்து சேர்ந்தவர், அடுத்து 4, 6 இரண்டில் 6ஐத்தான் தேர்வார். ஆகவே 2 இருந்த இடத்தில் 8 என்று எழுதிவிடலாம். அதேபோல 1 இருந்த இடத்தில் 7. 9 இருந்த இடத்தில் 16. இனி நான்காம் வரி தேவையில்லை. இரண்டாம் வரிக்கு ஏறினால் 8 என்பது 16 ஆகிறது. 5 என்பது 21 ஆகிறது. உச்சியின் 3 அந்த 21உடன் சேர்ந்து 24. ஆறே கூட்டல்களில் விடை வந்துவிட்டது.

100 வரி முக்கோணத்துக்கு இந்த முறையில் 4,950 கூட்டல்கள் போதும். பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட வேலை ஒரு நொடியின் சிறு துணுக்கில் முடிகிறது. ஒருமுறை கண்டுபிடித்ததை எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி கணக்கிடாமல் எடுத்தாள்வதே இதன் உயிர்நாடி. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் வளர்த்தெடுத்த இந்த உத்திக்கு ‘டைனமிக் புரோகிராமிங்’ என்று பெயர். இரண்டு மரபணு வரிசைகளை ஒப்பிடுவதற்கும் இதே உத்தி பயன்படுகிறது.

இதைப் பாடநூலில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் 67ஆம் கணக்கில் தன் நிரல் ஓடி முடியாமல் நின்றதைக் கண்ட மாணவருக்கு, அந்தப் பக்கம் எதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்திருக்கும். கேள்வி உள்ளே குடைந்துகொண்டிருக்கும்போது கிடைக்கும் பதில்தான் மனத்தில் தங்குகிறது.

இரக்கமில்லாத நடுவர்

ரஷ்யாவின் சரடோவ் நகரில் உருவான ‘கோட்ஃபோர்சஸ்’, இந்தியாவில் 2009இல் தொடங்கிய ‘கோட்செஃப்’, வேலை நேர்காணலுக்குத் தயாராவோர் நாடும் ‘லீட்கோட்’ போன்ற தளங்கள் நிரலைப் படித்துப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, ஓட்டிப் பார்க்கின்றன. நமக்குக் காட்டாத உள்ளீடுகளைக் கொடுத்து, பெரும்பாலும் ஓரிரு நொடிக் கெடுவுக்குள் சரியான விடை வருகிறதா என்று சோதிக்கின்றன. தவறினால் ‘ராங் ஆன்சர்’ அல்லது ‘டைம் லிமிட் எக்ஸீடட்’ என்ற தீர்ப்பு வரும். ‘ஏறக்குறைய சரி’ என்பதற்கு அங்கே இடமில்லை.

இந்தக் கண்டிப்பு இரண்டு பழக்கங்களை ஊட்டுகிறது. முதலாவது, எழுதுமுன் அளந்து பார்ப்பது. உள்ளீட்டில் 1 லட்சம் எண்கள் என்றால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் நிரலுக்குச் சுமார் 1,000 கோடி செயல்கள் தேவை. முதலில் வரிசைப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்கும் வழி இருந்தால், அந்த வரிசைப்படுத்தலுக்குச் சுமார் 17 லட்சம் ஒப்பீடுகள் போதும். நொடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது போட்டியாளர்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால், எந்த வழி தேறும் என்பது ஒரு வரிகூட எழுதாமலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓரங்களைச் சோதிப்பது. பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும்? எல்லா எண்களும் எதிர்ம எண்களாக இருந்தால்? கூட்டுத்தொகை அளவு மீறினால்? இவை வெறும் தேர்வுத் தந்திரங்கள் அல்ல. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதிபாதியாகக் குறைத்துத் தேடும் ‘பைனரி சர்ச்’ முறையில், இரு முனைகளின் இட எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்து நடுவிடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால், 32 பிட் எண்ணில் அது எதிர்ம எண்ணாகத் திரும்பிவிடும். ஜாவா மொழியின் நூலகத்திலேயே இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்ததை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் விளக்கினார். நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட பட்டியல்கள் புழக்கத்துக்கு வரும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

மூளையில் என்ன நடக்கிறது?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். பிறகு ஒரு குழு அதை மறுபடி படித்தது. இன்னொரு குழு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும், மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவிலிருந்தன. வீடியோ பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவதும், அடுத்த வாரம் வெற்றுத்திரை முன் கை ஓடாமல் நிற்பதும் ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

நிரலர்களைப் பற்றியே ஓர் ஆய்வு 1981இல் வந்தது. ஒழுங்கான நிரலைச் சிறிது நேரம் காட்டி நினைவுகூரச் சொன்னபோது, அனுபவசாலிகள் புதியவர்களைவிட வெகுவாக முந்தினார்கள். வரிகளைக் கலைத்துப் போட்டுக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களுக்குத் தனியான ஞாபகசக்தி எதுவும் இல்லை. பொருளுள்ள அமைப்புகளை அடையாளம் காணும் கண் இருந்தது. ஒரே வகைக் கணக்கை வெவ்வேறு வேடங்களில் சந்திக்கும்போதுதான் அந்தக் கண் திறக்கிறது.

எப்படிப் பழகுவது?

பலர் சறுக்குவது எண்ணிக்கையில். முந்நூறு கணக்கு, ஐந்நூறு கணக்கு என்று முடித்துக்கொண்டே போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே கணக்கை மாற்றிக் கேட்டால் திணறுகிறார்கள். கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா, 1945இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் கணக்குத் தீர்ப்பதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். கணக்கைப் புரிந்துகொள்வது, திட்டமிடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது. ‘அக்செப்டட்’ என்ற பச்சை எழுத்தைக் கண்டதும் அடுத்த கணக்குக்குத் தாவுகிறவர், நான்காவது கட்டத்தைத் தொடுவதே இல்லை.

விடை கிடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த இடத்தில் தடம் மாறினேன்? எந்தக் குறிப்பு வழியைக் காட்டிக்கொடுத்தது? பிறர் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள்? இதற்குச் செலவிடும் கால் மணி நேரம் இன்னொரு கணக்கு போடுவதைவிட அதிகம் தரும்.

தடுமாறும்போது என்ன செய்வது? அரை மணி, முக்கால் மணி முட்டி மோதியும் துரும்பு நகரவில்லை என்றால் விளக்கத்தைப் படிப்பதில் தவறில்லை. ஜான் ஸ்வெல்லர் உள்ளிட்டோர் 1980களில் செய்த ஆய்வுகள், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகளே நன்றாகக் கற்றுத்தருகின்றன என்று காட்டின. ஆனால் படித்ததும் அதை மூடிவிட வேண்டும். சொந்தமாக எழுதி ஓட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து வெற்றுத்திரையிலிருந்து மீண்டும் எழுத வேண்டும்.

இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் தந்துவிடாது. பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைப் படிப்பது, ஐந்து ஆண்டு கழித்தும் மாற்றத்தக்கதாக எழுதுவது, குழுவோடு வேலை செய்வது ஆகியவற்றுக்கு உண்மையான திட்டங்களில் இறங்கியாக வேண்டும். கணக்குகள் கூர்மையாக்குவது சிந்தனையை.

அந்தச் சிந்தனை இனியும் தேவையா என்று இன்று கேட்கப்படுகிறது. 2022இல் டீப்மைண்ட் உருவாக்கிய ‘ஆல்ஃபாகோட்’ என்ற செயற்கை நுண்ணறிவு, கோட்ஃபோர்சஸ் போட்டிகளில் நடுத்தரப் போட்டியாளரின் நிலையை எட்டியது. 2025இல் பாகு நகரில் நடந்த, பல்கலைக்கழக மாணவர்களுக்கான ‘ஐசிபிசி’ நிரலாக்கப் போட்டியின் உலக இறுதிச் சுற்றில் 12 கணக்குகளையும் தன் செயற்கை நுண்ணறிவு தீர்த்துவிட்டதாக ஓப்பன்ஏஐ அறிவித்தது. ஆகவே விடைக்கு இனிப் பஞ்சமில்லை. ஆனால் வங்கியிலோ மருத்துவமனையிலோ ஓடப்போகும் நிரலை இயந்திரம் எழுதித் தரும்போது, லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் அது தாங்குமா, காலிப் பட்டியல் வந்தால் தடுக்கி விழுமா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் மனிதர். தானே ஒருமுறையாவது முட்டி மோதித் தீர்த்தவருக்குத்தான் அந்தக் கேள்விகள் தோன்றும். பயிற்சிக் கணக்கின் விடையை இயந்திரத்திடம் கேட்டு ஒட்டும் மாணவர், ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு அந்தத் தகுதியை இழக்கிறார். வாரத்துக்கு மூன்று கணக்கு போதும். ஆனால் அந்த மூன்றையும் தானே யோசித்து, தானே எழுதி, திரும்பிப் பார்த்து முடிக்க வேண்டும்.