நிலாவும் மஸ்டர் ரோலும்

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை ஒட்டித் தரையிறங்கியபோது நான் அரிமளம் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். பாய்லரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்து ஊராட்சியிலிருந்து சாமான் வாங்க வந்த பெண்கள் நாலு பேரும் அதில் அடக்கம். கலம் இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் ஜோல்னாப் பையில், ஒரு கூட்டத்துக்காக நானே எழுதி அச்சடித்த துண்டறிக்கை இருந்தது: 'நிலவுக்கு ராக்கெட், மலக்குழிக்கு மனிதன்'. ஒன்றை எடுத்து நீட்டினேன். ஒருவர் வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "நம்மள குழிக்குள்ள எறக்குறவன விட்டுப்புட்டு நெலாவுல எறங்குறவுகள ஏன் தம்பி வையிறிய? அவுகளா நம்ம கூலியப் புடுங்குனாக?"

அன்றைக்குப் பதில் வரவில்லை. தாமதமாக வரும் பதில் என்று இக்கட்டுரையையும் சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்வியை நம் ஆட்கள் நடுவில் எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் கூலிக் கணக்கு. சந்திரயான்-3க்கு ஆனது ஏறக்குறைய 615 கோடி ரூபாய். 2023-24 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,500 கோடி. மொத்த பட்ஜெட் 45 லட்சம் கோடி. அதாவது நூறு ரூபாய்க்கு இருபத்தெட்டுக் காசு. அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடோ 89,400 கோடி. ஒரே மூச்சில் குறைத்தது 29,400 கோடி, சந்திரயான் மாதிரி நாற்பத்தேழு கலங்களுக்கான காசு. நிலாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் கூலி வந்திருக்கும் என்பது கணக்கில் நிற்காது. அக்கா பேனா எடுக்காமலே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

மலக்குழியும் அப்படித்தான். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. மனிதன் இறங்காமல் குழியைச் சுத்தம் செய்யும் எந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018இல் செய்து காட்டிவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, ஆனாலும் ஆள் இறங்குகிறான். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. இதற்கும் பட்ஜெட் பற்றாக்குறைக்கும் என்ன சம்பந்தம்? நம்முடைய கோஷம் சாதியைப் பணமுடையாக மொழிபெயர்த்துவிடுகிறது. அந்த மொழிபெயர்ப்பு அரசுக்கு ரொம்ப வசதி. எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1969 ஜூலை 15 அன்று, அப்பல்லோ-11 கிளம்புவதற்கு முதல் நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்னதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதள வாசலுக்குப் போனார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து பேசினார். ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீருமென்றால் நாளைக்குப் பொத்தானை அழுத்த மாட்டோம் என்பது அவர் பேச்சின் சாரம். சில குடும்பங்களுக்கு ஏவுதலைப் பார்க்க அனுமதிச்சீட்டும் கிடைத்தது. இதில் யார் யாரை வென்றார்கள் என்று எனக்கு இன்றும் குழப்பம். ஆனால் அன்றைய அமெரிக்காவின் கணக்கு வேறு: 1966இல் மத்திய அரசுச் செலவில் நூற்றுக்கு நாலுக்கு மேல் நாசாவுக்குப் போனது. அறுபதுகளின் கருத்துக் கணிப்புகள் பெரும்பாலானவற்றில் அம்மக்களில் பாதிப் பேருக்குமேல் அந்தச் செலவு தகாது என்றே சொன்னார்கள். நிலவில் கால் வைத்த வாக்கில்தான் சற்று மாறினார்கள். 'ஜனங்களின் ஆர்வத்துக்காகச் செலவு' என்ற வாதம் பின்னால் ஒட்டியது. ஆர்வம் காசைக் கொண்டுவரவில்லை, காசுதான் ஆர்வத்தைக் கட்டமைத்தது.

நம் நாட்டில் நியாயம் வேறு மொழியில் சொல்லப்பட்டது. பிற வல்லரசுகளோடு போட்டியிடும் கனவு தமக்கில்லை, சாமானிய மனிதனின் பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்றார் விக்ரம் சாராபாய். 1963 நவம்பரில் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது, மீனவர்கள் விட்டுக்கொடுத்த மண்ணிலிருந்து, அவர்களுடைய மாதா கோயிலை அலுவலகமாக்கிக்கொண்டு. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. அதெல்லாம் பொய்யில்லை. புயல் எச்சரிக்கையும் பொய்யில்லை.

ஆனால் 2017 நவம்பர் 30ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கிப் புயல் மேலே படமாகத் தெரிந்தது. கீழே ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்குச் சேதி போகவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் கேட்கும் கருவி அவர்களிடம் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலோரம் வரை வந்துவிட்ட சேதி, கடைசிச் சில நூறு கிலோமீட்டரில் அறுந்துபோகிறது. ஆழ்கடல் மீனவருக்கான செயற்கைக்கோள் வழிக் கருவி 2019இல்தான் அறிமுகமானது. யாருக்காக என்று சொல்லி ராக்கெட் விடத் தொடங்கினோமோ, அவர்களிடம் போய்ச்சேர ஐம்பத்தாறு வருஷம்.

சரி, அரிமளம் பக்கத்துக்கு வானம் வரவேயில்லையா? வந்தது. எப்படி வந்தது என்பதுதான் சேதி. 2016இல் ஊரக வளர்ச்சி அமைச்சகமும் இஸ்ரோவின் ஐதராபாத் மையமும் ஒப்பந்தம் போட்டு, நூறு நாள் வேலையில் வெட்டிய குளம், வரத்துவாய்க்கால், போட்ட பாதை எல்லாவற்றையும் 'புவன்' என்ற வரைபடத்தில் புள்ளிகளாக ஏற்றத் தொடங்கின. 2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு தடவை செல்போனில் படம் எடுத்து, இடக்குறியோடு அனுப்பினால்தான் வருகைப் பதிவு என்றாக்கினார்கள். அந்த இடத்தைப் போனுக்குச் சொல்வது மேலே சுற்றும் கோள்கள். சிக்னல் இல்லாவிட்டால் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் மஸ்டர் ரோலில் பெயர் இல்லை, கூலியும் இல்லை. கைதட்டிய அந்த அக்காவை வானம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. கடலில் மீனவனைத் தேட வராத துல்லியம், கம்மாயில் மண் சுமப்பவள் ஏய்க்கிறாளா என்று பார்க்க உடனே வந்துவிட்டது. செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இதை நாம் கவனிக்கவே இல்லை. தொழில்நுட்பம் யார் கண்ணாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்தக் கண்ணின் விலையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆர்வத்தைப் பற்றியும் ஒன்று. அன்று இஸ்ரோவின் யூடியூப் ஒளிபரப்பை ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கிப் படித்தவர். டீக்கடையில் அது பெரிய பேச்சாக இருந்தது. அதில் இருந்த சந்தோஷத்தை 'தேசியவாத மயக்கம்' என்று ஒற்றைச் சொல்லால் ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம். தன் வீட்டுப் பையனும் போகலாம் என்று ஒரு தாய் நினைப்பதை எந்தக் கோட்பாட்டைக் கொண்டு மறுப்பது? ஆனால் மூன்றே நாளில், ஆகஸ்ட் 26 அன்று, கலம் இறங்கிய இடத்துக்கு 'சிவசக்தி' என்று பிரதமர் பெயர் வைத்தார். பாலிடெக்னிக் பையனின் கதை முடிந்து புராணம் தொடங்கிவிட்டது. (நம் தமிழ் மேடைகளும் சளைத்தவை அல்ல. ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தி புறநானூற்றிலேயே உண்டு என்பார்கள். உண்டுதான். புலவர் பாடும் புகழ் பெற்றவனுக்கு, செத்த பிறகு, அதில் இடம். உழுதவனுக்கு என்று சொல்லவில்லை.)

குலசேகரப்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரியில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போகலாம், எரிபொருள் மிச்சம் என்பது காரணம். தொழில்நுட்பமாகச் சரியான காரணம். நாம் போய் 'வேண்டாம்' என்று கத்தப்போகிறோமா, அல்லது அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கு ஏவுதல் நாட்களில் கடல் உண்டா, இல்லாத நாளுக்குக் கூலி உண்டா, தேதியை அவர்களிடம் யார் முன்கூட்டிச் சொல்வது என்று கேட்கப்போகிறோமா?

துண்டறிக்கை இன்னும் ஒரு கட்டு என் மேசையடியில் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளைதான். அந்த அக்காவை மறுபடி ஒருநாள் அதே கடையில் பார்த்தேன். "படம் ஏறலன்னுட்டாக தம்பி, மூணு நாள் போச்சு" என்றார். அந்த மூன்று நாளும் அவர்கள் வெட்டிய வரத்துவாய்க்காலில் இப்போது தண்ணீர் ஓடுகிறது.