காலேஜ் என்றால் விடுவார்கள்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைகிற சத்தம் விடிகாலையிலேயே தொடங்கிவிடும். அதைக் கேட்டபடியே தம்பானூர் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் கைரளி, நிளா, ஸ்ரீ தியேட்டர்கள். மூன்றும் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தம். டிசம்பர் திரைப்பட விழாவின்போது கழுத்தில் அட்டை தொங்க இங்கே வரிசையில் நிற்பவர்களில் பெண்பிள்ளைகள் ஏராளம். படம் பார்க்க இவ்வளவு பேர். எடுக்க?

மலையாளத்தில் முதல் பெண் இயக்குநர் விஜயநிர்மலா. படம் 'கவிதா', 1973. மாநில அரசின் சிறந்த இயக்குநர் விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2016-ஆம் ஆண்டின் படமான விது வின்சென்ட்டின் 'மேன்ஹோல்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் கழகம் பெண் இயக்குநர்களுக்கென்று படம் ஒன்றுக்கு 1.5 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரெ' எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை.

2025 ஆகஸ்டில் இதே ஊரில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் இந்தத் திட்டத்தைக் குறை சொன்னார். தலித் கலைஞர்களுக்கும் பெண்களுக்கும் இப்படிப் பணம் தருவதற்கு முன் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி வேண்டும் என்றார். அரங்கிலேயே பாடகி புஷ்பவதி எழுந்து மறுத்தார்.

பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னது? கோடிகளோடு முதல் படம் எடுக்க வரும் ஆண்களிடமும் அதைக் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். அடூரே புனே திரைப்படக் கல்லூரியில் 1965-இல் படிப்பை முடித்து, 1972-இல்தான் 'சுயம்வரம்' எடுத்தார். அதற்கும் அரசு நிறுவனத்தின் 1.5 லட்சம் ரூபாய்க் கடன் தேவைப்பட்டது.

ஆனால் கல்லூரியின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. கோடம்பாக்கமோ கொச்சியோ, வழக்கமான பாதை உதவி இயக்குநர் வேலைதான். நள்ளிரவில் லாட்ஜ் அறையில் கதை விவாதம், ஒருவர் மனசு வைத்தால் சான்ஸ். 'சினிமா ஆபீஸ்' என்றால் வீட்டில் விடமாட்டார்கள். 'காலேஜ்' என்றால் விடுவார்கள். அங்கே கேமரா முறை வைத்து எல்லோர் கைக்கும் வரும். கூடப் படிப்பவர்களே நாளைய கூட்டாளிகள். இயக்குநர் பாயல் கபாடியா புனேயில் மாணவியாக எடுத்த குறும்படம் 2017-இல் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. 2024-இல் அங்கே கிராண்ட் பிரி வாங்கிய அவருடைய மலையாளப் படத்தில் நடித்த கனி குஸ்ருதி திருவனந்தபுரத்துப் பெண்.

கேரள அரசுக்கும் கோட்டயம் அருகே கே.ஆர். நாராயணன் பெயரில் ஒரு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அங்கே டிப்ளமோ முடிக்கும் பெண்களை அப்படியே 1.5 கோடித் திட்டத்தோடு கோத்துவிட்டால் பயிற்சி பற்றிய சண்டைக்கே இடமிருக்காது. அந்தக் கல்லூரிக்கு 2023 ஜனவரி வரை தலைவராக இருந்தவர் அடூர்தான்.