சலைன் ஏற்றினால் தேறிவிடும் நாய்

காரைக்குடியில் எங்க நாய்க்கு மாசத்துக்கு ஒருமுறை வாந்தி, பேதி, சோர்வு. சலைன் ஏற்றினால் மறுநாளே வாலாட்டும். என் தொழிலில் இது பழகின விஷயம்: ரீஸ்டார்ட் செய்தால் மறையும் பக். தேடிப் படித்ததில் கிடைத்த பெயர் அடிசன் நோய். 1855-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் மனிதர்களிடம் கண்டு எழுதியது, நாய்களுக்கும் வரும்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அல்டோஸ்டிரோன் குறைந்தால் சோடியம் சிறுநீரில் போய்விடும், பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும், இதயமே நின்றுபோகலாம். கார்ட்டிசோல் குறைந்தால் வயிறும் குடலும் கெடும். சலைன் என்பது உப்புத் தண்ணீர்தானே? இழந்த சோடியத்தைத் தந்து பொட்டாசியத்தையும் இறக்கிவிடும். நாய் தேறும், நோய் ஒளிந்துகொள்ளும்.

அதனால டிரிப் போடும் முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து 27-க்குக் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கும். சில நாய்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். அப்போ கார்ட்டிசோல் பார்க்கணும். டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடிசன் இல்லை என்றே சொல்லலாம். குறைந்தால், ஏசிடிஎச் ஊசி போட்டு மறுபடி அளந்துதான் உறுதி செய்வாங்க. முன்பே பிரெட்னிசோலோன் கொடுத்திருந்தால் முடிவு குழம்பும்.

எங்க நாய்க்கு 23 வந்தது. இப்போ தினமும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் கொஞ்சம் பிரெட்னிசோலோனும். தீபாவளி வெடிச்சத்த நாட்களில் மட்டும் டாக்டர் சொன்னபடி பிரெட்னிசோலோன் கூடும். மற்ற நாய்களுக்குப் பயத்தில் தானே சுரக்கும் கார்ட்டிசோலை இதுக்கு நாமதான் கொடுக்கணும்.