முதல் மென்ஷனுக்கு மலை இறங்கிய நாள்

காலை நாலே முக்கால். கம்போங் ராஜாவில் எதிர்வீட்டு விளக்கு பனிக்குள் மஞ்சள் புள்ளியாக மிதக்கிறது. என் அக்கா மகள் கறுப்புக் கோட்டை ஹேங்கரோடு காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையையும் இழுத்துவிடுகிறாள். "சித்தி, அந்த முட்டைகோஸ் பையை இந்தப் பக்கம் தள்ளுங்க. கோட்டுல மண்ணு பட்டா மாஸ்டர் கண்ணு நேரா அங்கதான் போகும்."

இன்றைக்கு அவளுக்கு முதல் மென்ஷன், வழக்கைச் சொல்லி அடுத்த தேதி வாங்கும் வேலை! மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து நின்று பேசப்போகிறாள். அவளுடைய ஆயா புளூ வேலி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அம்மா கம்போங் ராஜாவில் காய்கறிக்குப் பெட்டி போடுகிறாள். அந்த வீட்டுப் பிள்ளை கோர்ட்டில் நிற்கப்போகிறது என்றால் நான் வீட்டில் இருப்பேனா? முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டேன்.

எங்கள் மலை மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் பஹாங்கின் தலைநகர் குவாந்தானுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் பேராக்கின் ஈப்போ. அதனால்தான் அவள் சேம்பரிங் செய்ய ஈப்போவைப் பிடித்தாள். வாரம் முழுக்க அங்கே வாடகை அறை, சனிக்கிழமை வீடு, திங்கள் விடியுமுன் மறுபடி இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை நடக்கிறது. "மொஹோன் இஸின், புவான்..." வளைவு. "சாயா பாகி பிஹாக் பிளைன்திஃப்..." இன்னொரு வளைவு. 'அனுமதி வேண்டும் அம்மா, வாதி தரப்பில் நான்' என்ற அந்த மலாய் வரிகள், சிம்பாங் பூலாயில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தும்போது எனக்கே மனப்பாடம்.

சேம்பரிங் என்றால் என்ன என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, பட்டம் வாங்கியவர் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த மாஸ்டர் குறைந்தது ஏழு ஆண்டு தொழிலில் இருந்தவராக இருக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஷார்ட் கால் வாங்கலாம். அது பாதிக் கதவு திறந்த மாதிரி. மென்ஷனுக்கு நிற்கலாம், தேதி கேட்கலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. முழுக் கதவு லோங் கால் அன்றுதான் திறக்கும். உயர் நீதிமன்றத்தில் அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக நிற்பாள், இன்னொரு வழக்கறிஞர் எழுந்து இவளைப் பற்றிப் பேசி, சேர்த்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் கேட்பார். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வழக்கங்களில் அங்கி தங்கிவிட்டது, பொய்முடி இல்லை. அந்த நாளுக்காக அக்கா இப்போதே முதலாளியிடம் லீவு சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏழரைக்கு அலுவலகம். கடைவீட்டின் மேல்மாடி, செங்குத்தான படி. வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த ஃபைல்களை எல்லாம் குப்புறக் கவிழ்த்தாள். வழக்குக்காரர் பெயர் என் கண்ணில் படக்கூடாதாம்! இருபத்தைந்து வயதுப் பிள்ளை, பெற்றவளின் தங்கையிடம் அட்டையைக்கூடக் காட்டவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூலையில் ஒரு குட்டிச் சுவர் போல அடுக்கியிருந்தவை பண்டல்கள். ஒரு வழக்கு முழு விசாரணைக்குப் போகுமுன் ஆவணங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். ஆவணமும் உண்மை, உள்ளே இருப்பதும் உண்மை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது 'ஏ'. ஆவணம் உண்மைதான், ஆனால் அதில் எழுதியிருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது 'பி'. இரண்டையுமே மறுப்பது 'சி'. கேட்க எளிது. அதைச் செய்வது யார்? பியூப்பல்தான், அதாவது சேம்பரிங் செய்யும் பிள்ளை. பக்க எண் போட வேண்டும், அட்டவணை போட வேண்டும், வண்ணத் தாளில் பிரிக்க வேண்டும், துளையிட்டுக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் தவறிப்போனால் அதற்குப் பின்னால் வரும் நூறு எண்ணும் தப்பு. கோர்ட்டில் மாஸ்டர் "பக்கம் 212" என்று சொல்ல, நீதிபதியின் கையில் வேறொரு கடிதம் இருந்தால் கதை அங்கேயே சாய்ந்துவிடும். அவள் ஆள்காட்டி விரலில் தாள் கிழித்த கோடுகளை எண்ணினேன். நான்கு.

சட்டம் படித்தவளுக்கு ஜெராக்ஸ் வேலையா என்று அக்கா முதலில் குமுறினாள். நானும்தான். இப்போது எனக்குப் புரிகிறது. ஆவணத்தைக் கையால் தொட்டு அடுக்கியவளுக்குத்தான் எதிர்த்தரப்பு எங்கே மழுப்புகிறது என்று தெரிகிறது. மாஸ்டர் அன்றாடம் மாலையில் அரை மணி நேரம் சிவப்புப் பேனாவோடு இவள் எழுதியதை எடுத்துவைத்து வரிவரியாகத் திருத்துகிறாராம். "நான் நினைக்கிறேன்" என்று எழுதினால் ஒரே அடி. வழக்கறிஞர் நினைப்பதில்லை, வாதத்தை முன்வைக்கிறார். அந்த அரை மணி நேரம் இருந்தால் ஜெராக்ஸ் படிப்பாகிவிடும். அது இல்லாத இடத்தில் ஜெராக்ஸ் வெறும் ஜெராக்ஸ்தான்.

அது இல்லாத இடங்களும் உண்டு. வேறொரு அலுவலகத்தில் சேம்பரிங் செய்யும் இவள் தோழிக்கு ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் வரும். பதில் போடாவிட்டால் திங்கள் காலை எல்லார் முன்னாலும் ஏச்சு. கழிப்பறையில் அழுதுவிட்டு, முகம் கழுவி, கோர்ட்டுக்குப் போயிருக்கிறது அந்தப் பிள்ளை. இது ஈப்போவில் மட்டும் நடப்பதில்லை. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 135 நாடுகளில் கேட்டு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், பெண் வழக்கறிஞர்களில் இருவரில் ஒருவரும் ஆண்களில் மூவரில் ஒருவரும் வேலையிடத்தில் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்ப மாட்டேன். அட்டை கடித்த காலோடு கொழுந்து பறித்த எங்கள் அம்மா, என் பிள்ளைகளையும் அட்டை கடிக்கட்டும் என்று சொல்லவில்லை.

காசு விஷயமும் உண்டு. தமிழ்நாட்டில் இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அந்தச் செய்தியை இவள்தான் எனக்கு அனுப்பினாள், கீழே மூன்று பட்டாசுப் படங்களோடு. அது எங்கள் நாட்டுத் தீர்ப்பு இல்லைதான். ஆனாலும் அறை வாடகையும் பெட்ரோலும் போக மீதியில் சாப்பிடும் பிள்ளைக்கு அது தீபாவளிச் செய்திதானே!

சரி, கோர்ட்டுக்கு வருவோம்! ஈப்போவில் ரயில் நிலையத்தின் அருகே பழைய வெள்ளை நீதிமன்றக் கட்டடம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு சீனிவாசகம் சகோதரர்கள் நினைவுதான். டி.ஆர். சீனிவாசகமும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் இந்த ஊர் கோர்ட்டுகளில் வாதாடிய வழக்கறிஞர்கள், 1953இல் கட்சி தொடங்கி நாடாளுமன்றம் வரை போனவர்கள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் நின்றார்கள் என்று எங்கள் அப்பா சொல்லாத நாளில்லை. டி.ஆர். பெயரில் ஈப்போவில் பூங்காவே இருக்கிறது.

நடைகூடத்தில் ஒரே கறுப்பு வெள்ளை. இவள் காதோடு காதாக விளக்கம் சொல்கிறாள். வாசலில் நின்று தலை தாழ்த்தணும் சித்தி. உள்ளே கைப்பேசி அடிக்கவே கூடாது. சீனியர் வந்தால் அவர் கேஸ் முதலில், நாம் காத்திருக்கணும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் பெயர் சொல்லக் கூடாது, ரக்கான் பிஜாக்சானா சாயா, என் கற்றறிந்த நண்பர் என்றுதான் சொல்லணும். கடைசியாக மிஞ்சும் வழக்கறிஞர் நீதிபதியைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. எவ்வளவு அழகு! நான் பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாங்குன்!" எல்லாரும் எழுந்தோம். மாஜிஸ்திரேட் ஒரு பெண். ஜுருபஹாசா, அதாவது கோர்ட் மொழிபெயர்ப்பாளர், வழக்கு எண்ணைப் படிக்கிறார். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒன்பதாவதாக இவள் எழுந்தாள்! கோட்டின் பின்தையலில் ஒரு நூல் தொங்குகிறது, ஓடிப்போய் அறுத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கிறது.

"மொஹோன் இஸின், புவான். சாயா பாகி பிஹாக் பிளைன்திஃப்."

குரல் நடுங்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு நண்பரை அறிமுகப்படுத்த மறந்துவிட்டாள்! வெள்ளைத் தலையோடு ஒரு பெரியவர், சிரித்த முகமாக எழுந்து தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டார். உட்காரும்போது இவள் பக்கம் லேசாகச் சாய்ந்து, தேதியைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்து என்று மெல்லச் சொன்னார். இவள் சொன்னாள். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்து ஃபைலின் உள்ளட்டையில் தேதியையும் மாஜிஸ்திரேட் சொன்னதையும் முத்து முத்தாக எழுதி மூடினாள். அப்புறம்தான் மூச்சே விட்டாள். கைப்பேசியை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். அங்கே காய்கறிக் கொட்டகையில் பெட்டி ஆணி அடிக்கும் சத்தம்.

"ஜெயிச்சிட்டியாடி?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லம்மா. தேதி வாங்கிட்டேன்."

"தேதி வாங்கிட்டாளாம்!" என்று அக்கா கத்துவது எனக்கே கேட்டது. ஆணிச் சத்தம் நின்றது. கொட்டகையில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகள் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள்.