பஸ்சில் வந்த மனநோய் டாக்டர்!

நோயாளி புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில். டாக்டரோ சென்னையில். இருவரும் முகம் பார்த்துப் பேசினார்கள்!

2010-ம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது. நடத்தியது சென்னை "ஸ்கார்ப்" நிறுவனம். 1984-ல் அதை நிறுவியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர் அவர்.

"சோற்றில் விஷம்"

மனச்சிதைவு நோய் கண்டவர்களில் சிலர் சாப்பிட மாட்டார்கள். "சோற்றில் விஷம் கலந்திருக்கிறது" என்பார்கள். பெற்ற தாய் ஊட்டினாலும் தட்டி விடுவார்கள். வீட்டார் பேய் என்று எண்ணி, கோவில் கோவிலாக அலைவார்கள்.

அது பேய் அல்ல; நோய். தொடர்ந்து மருந்து சாப்பிட்டால் பலர் தேறிவிடுகிறார்கள்.

பஸ்சுக்குள் ஆஸ்பத்திரி

இப்படிப்பட்டவர்களைத் தேடி ஊருக்கே பஸ் வந்தது. அதற்குள் டெலிவிஷன் திரை. சென்னை டாக்டர் அதில் தோன்றி விசாரிப்பார், மருந்து சொல்வார். பஸ்சிலேயே மருந்து இலவசமாகக் கிடைத்தது.

வீடு தேடிச் சென்றவர்கள்

டாக்டர் மட்டும் போதுமா? பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். நோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பார்த்தார்கள். வீட்டாருக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது காரணமின்றிச் சோற்றை வெறுக்கிறாரா? திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற "டெலி மானஸ்" எண்ணுக்கும் பேசலாம். கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் பதில் கிடைக்கும்.