ஏ.சி. இல்லாத 'குளுகுளு' அரண்மனை!

குட்டீஸ், கோடை வெயிலிலும் ஏ.சி. இல்லாமல் குளுமையாக இருக்கும் ஓர் அரண்மனையைப் பார்க்க வேண்டுமா? குமரி மாவட்டம் தக்கலை அருகே இருக்கும் பத்மநாபபுரத்துக்கு வாருங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர் இது.

அரண்மனையின் சரிவான ஓட்டுக் கூரை, சுவரையும் தாண்டித் தாழ்வாக நீண்டிருக்கும். அதனால் சுவரில் நேரடியாக வெயில் படாது. சூடான காற்று லேசானது அல்லவா? அது மேலே போய், ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியேறிவிடும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்கா தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் வரும், கண் கூசும் வெயில் வராது!

கான்கிரீட் வீடு வேறு மாதிரி. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் உள்ளே விடும். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தச் சூடு ஆபத்து. என்ன செய்யலாம்?

* வெயில் படும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஓலைத்தட்டி கட்டச் சொல்லுங்கள். உள்ளே திரை போடுவதைவிட இது நல்லது. கண்ணாடியைத் தாண்டும் முன்பே வெயில் நின்றுவிடும்.

* மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

* வெளியே சூடு தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இன்றே அப்பாவிடம் சொல்வீர்கள்தானே!